எம்.டி. சம்பளத்துக்கு ஓட்டுக் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கோட்டாறு_பங்குதாரர்

நடுத்தர அளவுள்ள ஒரு உற்பத்தி நிறுவனம், சந்தையில் பட்டியலிட்டது. அதன் ஆண்டுப் பொதுக்கூட்ட நோட்டீஸ் வந்திருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பேச்சு ஆளைச் சுற்றியே ஓடும், கணக்கு விட்டுப்போகும்.

நாலாவது தீர்மானம், சிறப்புத் தீர்மானம், அதாவது போட்ட ஓட்டில் நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டியது. எம்.டி.யை (நிர்வாக இயக்குநரை) இன்னும் 5 ஆண்டுக்கு நியமித்து, சம்பளத்தைத் திருத்துகிறார்கள். மாதச் சம்பளம் 20 லட்சம். அதற்கு மேல் நிகர லாபத்தில் 5% வரை கமிஷன். வீடு, கார், டிரைவர், கிளப் சந்தா தனி. எம்.டி. ப்ரோமோட்டர் குடும்பத்து ஆள், அதாவது கம்பெனியைத் தொடங்கிக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருக்கும் குடும்பம். மகன் முழுநேர இயக்குநர், ஆண்டுக்கு 1.5 கோடி. குடும்பத்தின் கையில் 50% பங்கு. கடைசியில் ஒரு வரி: 'லாபம் இல்லாத அல்லது போதாத ஆண்டிலும் மேற்கண்ட சம்பளமும் சலுகைகளும் குறைந்தபட்ச ஊதியமாக வழங்கப்படும்.'

போன ஆண்டு வரிக்கு முந்தைய லாபம் 80 கோடி. அதில் 14 கோடி, சும்மா கிடந்த ஆலை நிலத்தை விற்றதில் வந்தது. இயக்குநர் சம்பளமாகச் செலவில் எழுதியது 4 கோடி. எம்.டி. வாங்கியது மீடியன் ஊழியர் சம்பளத்தைப் போல் 62 மடங்கு என்று ஆண்டறிக்கை சொல்கிறது.

இது சட்ட எல்லைக்குள் இருக்கிறதா? எல்லைக்குள் இருந்தாலும், செய்கிற வேலைக்குத் தகுந்த கூலிதானா என்று எதை வைத்து அளப்பது? கம்பெனித் தலைமை என்றாலே கொள்ளை என்று எல்லா இடத்திலும் பேச்சு இருக்கிறது. எதிர்த்து ஓட்டுப் போட அந்தப் பேச்சு மட்டும் போதாது, உருப்படியான காரணம் வேண்டும்.

தக்கலை_தணிக்கை

அண்ணாச்சி, 5% என்றால் எதில் 5%? விஷயம் முழுக்க அங்கேயாக்கும்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 197இன்படி ஒரு பப்ளிக் கம்பெனியில் எல்லா இயக்குநர்களுக்கும் சேர்த்து நிகர லாபத்தில் 11% வரை கொடுக்கலாம். எம்.டி. அல்லது முழுநேர இயக்குநர் ஒருவருக்கு 5%. அப்படி ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லாருக்கும் சேர்த்து 10%. எம்.டி. உள்ள கம்பெனியில் மற்ற இயக்குநர்களுக்குச் சேர்த்து 1%. கூட்டத்துக்கு வந்து உட்காருவதற்கான கட்டணம் இதில் சேராது, அது ஒரு கூட்டத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

இங்கே 'நிகர லாபம்' என்பது லாப நட்டக் கணக்கின் அடிவரியில் நிற்கும் தொகை இல்லை. பிரிவு 198 அதற்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. துணை நிறுவனங்களைச் சேர்க்காத, கம்பெனியின் சொந்தக் கணக்கை எடுக்கணும். வருமான வரியைக் கழிக்கக் கூடாது. இயக்குநர் சம்பளத்தைத் திரும்பக் கூட்டணும். நிலம் விற்ற லாபம் மூலதன லாபம், அதைத் தள்ளணும். மதிப்பு ஏறியது என்று ஏட்டில் மட்டும் எழுதிய, கைக்கு வராத லாபத்தையும் தள்ளணும். முந்தைய ஆண்டுகளின் நட்டம் பாக்கி இருந்தால் அதையும் கழிக்கணும்.

உங்கள் எண்ணுக்கு வருவோம். 80 கோடியோடு 4 கோடி கூட்டினால் 84. அதில் நிலத்தின் 14 கோடி போனால் 70 கோடி. ஒருவருக்கு 5% என்பது 3.5 கோடி. இருவருக்கும் சேர்த்து 10% என்பது 7 கோடி. கேட்பது எவ்வளவு? மாதம் 20 லட்சம் வீதம் 2.4 கோடி, கமிஷன் உச்சத்தில் 3.5 கோடி, மொத்தம் 5.9 கோடி. மகனுடைய 1.5 கோடியைச் சேர்த்தால் 7.4 கோடி. எம்.டி. தனியாகவும் எல்லையைத் தாண்டுகிறார், இருவர் சேர்ந்தும் 40 லட்சம் தாண்டுகிறது. வீடு, கார் மதிப்பை இன்னும் சேர்க்கவில்லை.

நில லாபத்தைத் தள்ளாமல் 84 கோடியில் கணக்குப் போட்டால் 10% என்பது 8.4 கோடி ஆகி, இருவர் சம்பளமும் சேர்ந்து உள்ளே அடங்கியதுபோல் தெரியும். இந்தத் தப்பு நிறைய நடக்கும். அதனால் நோட்டீஸின் பின்னால் வரும் விளக்க அறிக்கையில் 198 கணக்கு விரிவாக இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கம்பெனி செயலாளருக்கு மெயில் எழுதிக் கேளுங்கள்.

எல்லையைத் தாண்டுவதே குற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 செப்டம்பர் 12 முதல் மத்திய அரசின் அனுமதி தேவையில்லை, பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றினால் தாண்டலாம். வங்கிக் கடனைக் கட்டாமல் விட்டிருந்தால் மட்டும் அந்த வங்கியின் முன் ஒப்புதலும் வேண்டும். ப்ரோமோட்டர் இயக்குநர்களுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியமான செபியின் பட்டியலிடல் விதி 17 தனியாக ஒரு வேலி போட்டிருக்கிறது: ஒருவருக்கு 5 கோடி, அல்லது நிகர லாபத்தில் 2.5%, இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் சிறப்புத் தீர்மானம். ஒருவருக்கு மேற்பட்ட ப்ரோமோட்டர் இயக்குநர்கள் இருந்தால் சேர்த்து 5%. உங்கள் நோட்டீஸ் இரண்டு வேலியையும் தாண்டுகிறது, ஆகவேதான் சிறப்புத் தீர்மானமாக வந்திருக்கிறது. முன்பு அரசு பார்த்த வேலையை இப்போது உங்களிடம் தந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் மிகவும் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வரி. லாபம் இல்லாத ஆண்டுக்குச் சட்டத்தின் அட்டவணை 5 ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறது. செயல் மூலதனம் (பங்கு மூலதனம், கையிருப்பு, நீண்ட காலக் கடன் ஆகியவற்றைக் கூட்டி, முதலீடுகளையும் பாக்கி நட்டத்தையும் கழித்த தொகை) 5 கோடிக்குக் கீழே என்றால் ஆண்டுக்கு 60 லட்சம், 5 முதல் 100 கோடி வரை 84 லட்சம், 100 முதல் 250 கோடி வரை 1.2 கோடி, அதற்கு மேலே 1.2 கோடியுடன் 250 கோடியைத் தாண்டிய தொகையில் 0.01%. சிறப்புத் தீர்மானம் நிறைவேறிவிட்டால் இந்தப் படிக்கட்டையும் தாண்டலாம். அதாவது 'ஆம்' என்று ஓட்டுப் போட்டால், கம்பெனி நட்டத்தில் போகிற ஆண்டிலும் 2.4 கோடியும் சலுகையும் உறுதி என்று எழுதிக் கொடுத்ததாக அர்த்தம். ஆனால் லாபம் போதாத நிலைக்கான இந்த ஒப்புதல் 3 ஆண்டுக்கு மேல் செல்லாது. நியமனம் 5 ஆண்டுக்கு என்பதால் இதுவும் 5 ஆண்டுக்கு என்று நோட்டீஸில் எழுதியிருந்தால் அது தவறு.

மீடியன் பற்றி. எல்லாச் சம்பளத்தையும் ஏறுவரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவது மீடியன். 62 மடங்கு என்பதை அப்படியே நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அதே இணைப்பில் நிரந்தர ஊழியர் எண்ணிக்கை இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் வரமாட்டார்கள். கேட் செக்யூரிட்டி, லோடிங், பேக்கிங் முழுவதையும் காண்ட்ராக்டில் விட்டுவிட்டால் குறைந்த சம்பளக்காரர்கள் பட்டியலை விட்டு மறைந்து மீடியன் மேலே ஏறும், மடங்கு இறங்கும். அதனால் ஒரு ஆண்டின் மடங்கைவிட, ஐந்து ஆண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்து, எம்.டி. சம்பளம் எத்தனை சதவீதம் ஏறியது, மீடியன் எத்தனை சதவீதம் ஏறியது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை. இரண்டு எண்ணையும் அதே சட்டத்தின் நிர்வாகிகள் ஊதிய விதிகளில் 5(1)இன்படி அவர்களே கொடுத்தாக வேண்டும்.

வடசேரி_மேலாண்மை

தக்கலை சார் சொன்ன கணக்கில் மறுப்பு இல்லை. ஆனால் கெட்ட பெயர் பற்றிய கேள்விக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

டி.சி.எஸ். சிஇஓ கிருத்திவாசன் 2024-25இல் வாங்கியது 26.52 கோடி. சம்பளம் 1.39 கோடி, சலுகைகள் 2.12 கோடி, மீதி 23 கோடி கமிஷன். மீடியனைப் போல் ஏறத்தாழ 330 மடங்கு. கேட்டவுடன் வயிறு எரியும். அந்த ஆண்டு நிகர லாபம் ஏறத்தாழ 48,500 கோடி. அதில் 26.52 கோடி என்பது 0.05% சுற்று வட்டாரம். ஊழியர்கள் ஏறத்தாழ 6,08,000 பேர். சிஇஓ ஒரு பைசாகூட வாங்காமல் முழுவதையும் பங்கு வைத்தாலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், மாதத்துக்கு 36 ரூபாய். தலைவர் அதிகம் வாங்குவதால்தான் நம்ம பிள்ளைகளுக்குத் தொடக்கச் சம்பளம் ஏறவில்லை என்ற வாதம் இந்தக் கணக்கில் நிற்காது. வெளியே இன்னும் நூறு பேர் அதே வேலைக்கு நிற்பதால்தான் ஏறவில்லை.

பெரிய நிறுவனத்தில் ஒரு முடிவின் எடையும் பெரிது. சந்தை மதிப்பு 1 லட்சம் கோடி உள்ள கம்பெனியில், ஒரு தலைவர் அடுத்த ஆளைவிட அரை சதவீதம் மேலாக நடத்தினால் 500 கோடி. அதற்கு 20 கோடி கொடுப்பது 4%. சம்பளம் திறமையைவிட நிறுவனத்தின் அளவோடு சேர்ந்து ஏறுவதற்கு இதுவே காரணம் என்று 2008இல் கபே, லாண்டியே என்ற இரண்டு பொருளியலாளர்கள் காட்டினார்கள். 1980 முதல் 2003 வரை அமெரிக்க சிஇஓ சம்பளம் ஆறு மடங்கு ஏறியது, பெரிய கம்பெனிகளின் சந்தை மதிப்பும் ஆறு மடங்கு ஏறியது.

பத்திரிகைகளின் கோபம் எப்போதும் 0.05% எடுப்பவர் மீதே பாய்கிறது. அப்பா எம்.டி., மகன் முழுநேர இயக்குநர், இருவரும் சேர்ந்து லாபத்தில் 10% எடுக்கும் சிறிய, நடுத்தரக் கம்பெனிகளை யாரும் தலைப்புச் செய்தியில் போடுவதில்லை. சிறு பங்குதாரரின் பணம் உண்மையில் கரைவது அங்கேதான். உங்கள் நோட்டீஸும் அந்த வகை. வெளியிலிருந்து தேர்வாகி, போர்டு நினைத்தால் வீட்டுக்கு அனுப்பக்கூடிய சிஇஓ ஒரு சாதி, தன்னைத் தானே நியமித்துக்கொள்ளும் எம்.டி. வேறு சாதி. இரண்டு பேருக்கும் ஒரே கெட்ட பெயரைச் சுமத்துவது நியாயம் இல்லை.

குளச்சல்_பங்குமுறை

வடசேரி சாரின் வகுத்தல் சரி. ஆனால் 436 ரூபாய் கணக்கு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது. ஜனங்களின் கோபம் தொகையோடு நிற்பதில்லை. கஷ்டம் வந்தால் யார் தலையில் விழுகிறது என்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள். அதே நிறுவனம் 2025 ஜூலையில் ஏறத்தாழ 2% பேரை, 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுக்கணக்கில் தலைமைச் சம்பளம் 25.36 கோடியிலிருந்து 26.52 கோடிக்கு ஏறியிருந்தது. 23 கோடி கமிஷன் எந்த அளவுகோலில் ஏறும், எந்த அளவுகோலில் இறங்கும் என்பதுதான் அங்கே கேட்க வேண்டியது.

நம்ம கடற்கரையில் மீன்பிடி போட்டில் பங்கு பிரிக்கிற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த மிச்சத்தில் போட்டுக்கு ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி. போட்டை நடத்தும் ஸ்ராங்குக்கு மற்ற ஆளைவிடக் கூடுதல் பங்கு, அதை யாரும் அநியாயம் என்று சொல்லமாட்டார்கள். மீன் இருக்கிற இடம் அவருக்குத்தான் தெரியும், எல்லார் உயிரும் அவர் கையில். ஆனால் வலை வெறுமனே வந்தால் ஸ்ராங்கின் பங்கும் வெறும்தான். கூடுதல் பங்குக்கு மரியாதை கிடைப்பது இந்தச் சேர்ந்து இறங்குதலால். எம்.டி. ஒப்பந்தத்தை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

முதல் வகை, ஈசாப். குறித்த விலையில் பிறகு பங்கு வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமை, அதைத்தான் ஆப்ஷன் என்பார்கள். ஒரு பங்கு 200 ரூபாய் விலையில் 1 லட்சம் ஆப்ஷன் கொடுக்கிறார்கள். விலை 500 ஆனால் 3 கோடி லாபம். சம்பள வருமானமாக வரி கட்டணும், அது இருக்கட்டும். விலை 100 ஆனால்? அவருக்கு நட்டம் பூஜ்யம், 200க்கு வாங்கிய உங்களுக்குப் பாதிப் பணம் போச்சு. மேலே ஏறினால் சேர்ந்து ஏறுவார், இறங்கும்போது கரையில் நிற்பார். விலை இறங்கிய பிறகு ஆப்ஷன் விலையையே குறைத்துத் தர செபி விதி இடம் கொடுக்கிறது, அதற்கும் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அப்படி ஒரு தீர்மானம் கண்ணில் பட்டால் நிறுத்திப் படியுங்கள். ப்ரோமோட்டர்களுக்கும் சுயாதீன இயக்குநர்களுக்கும் ஈசாப் கொடுக்கக் கூடாது என்பது விதி, எனவே உங்கள் எம்.டி. விஷயத்தில் இது வராது.

இரண்டாம் வகை, 1 ரூபாய் அல்லது 2 ரூபாய் முகமதிப்பில் பங்கு கொடுப்பது. 'பங்கோடு கட்டிவைத்த சம்பளம்' என்று அறிக்கையில் அழகாக எழுதுவார்கள். 500 ரூபாய்ப் பங்கு 250க்கு விழுந்தாலும் ஒவ்வொன்றிலும் 249 ரூபாய் கிடைக்கும். சாதனை நிபந்தனை எதுவும் இல்லாமல் காலம் போனால் மட்டும் கைக்கு வரும் பங்கு என்றால் அது மாறுவேஷம் போட்ட சம்பளம்.

மூன்றாவது, நிபந்தனை இருந்தாலும் எந்த நிபந்தனை? 'ஒரு பங்கின் லாபம்' என்று வைத்தால், லாபம் ஏறாமலே அதை ஏற்றலாம். லாபம் 100 கோடி, பங்கு 10 கோடி என்றால் பங்குக்கு 10 ரூபாய். கம்பெனிப் பணத்தில் 1 கோடிப் பங்கைத் திரும்ப வாங்கிவிட்டால் 11.11 ரூபாய். தொழிலில் ஒன்றுமே மாறாமல் 11% வளர்ச்சி. விற்பனை வளர்ச்சி என்று வைத்தால் கடனுக்குச் சரக்கைத் தள்ளிவிடலாம், அது வராக் கடனாக இரண்டு ஆண்டு கழித்துத் தெரியும். போட்ட மூலதனத்துக்கு என்ன வருமானம், அதுவும் மூன்று ஆண்டுச் சராசரியில், என்று வைத்தால் ஏமாற்றுவது கஷ்டம்.

நான்காவது, அதிர்ஷ்டம். இது நம்ம குமரி மாவட்டத்துக்கு விளக்கவே வேண்டாம். ஆர்.எஸ்.எஸ். 4 தர ரப்பர் ஷீட் 2011 ஏப்ரலில் கிலோ 243 ரூபாய், 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே, 2024 ஆகஸ்டில் 247. ஒரு தோட்டக் கம்பெனியின் எம்.டி.க்கு லாபத்தில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் வைத்தால், 2011இல் அவர் என்ன செய்ததற்காகப் பணம் வாங்கினார்? தாய்லாந்து மழைக்கும் கச்சா எண்ணெய் விலைக்கும் சீனாவின் வாங்கும் வேகத்துக்கும் சேர்த்து வாங்கினார். பால்வெட்டுகிற ஆளின் கூலி அந்த வேகத்தில் ஏறவும் இல்லை. 2001இல் மரியான் பெர்ட்ரானும் செந்தில் முல்லைநாதனும் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகளை வைத்து இதைத்தான் காட்டினார்கள். உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதால் மட்டும் வந்த லாபத்துக்கும் தலைவர்களின் சம்பளம் ஏறியது. போர்டில் பெரிய பங்குதாரர் உட்கார்ந்து கவனித்த இடங்களில் இந்த அதிர்ஷ்டக் கூலி குறைவு. தோட்டக் கம்பெனி என்றால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன உற்பத்திச் செலவு, மறுநடவு எவ்வளவு என்று அளவுகோல் வைக்கணும். விலை யார் கையிலும் இல்லை, இவை எம்.டி. கையில் இருக்கின்றன.

உங்கள் நோட்டீஸில் இந்த வகை ஒன்றுமே இல்லை. லாபத்தில் 5% வரை, அவ்வளவுதான். குறைந்தபட்ச ஊதிய வரியையும் சேர்த்தால் ஏறும்போது பங்கு, இறங்கும்போது உறுதிச் சம்பளம்.

கோட்டாறு_பங்குதாரர்

198 கணக்கு நோட்டீஸில் இல்லை. மெயில் போட்டாச்சு. ஒரு சந்தேகம்: 'இதே துறையின் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டு இந்தச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது' என்று விளக்க அறிக்கையில் வருகிறது. இதை எவ்வளவு நம்பலாம்? அரசு நிறுவனத் தலைவர்கள் இதைவிட மிகக் குறைவாக வாங்கிக்கொண்டு பெரிய இடங்களை நடத்துகிறார்களே?

மார்த்தாண்டம்_வங்கியியல்

ஒப்பீடு எந்த நிறுவனங்களோடு என்று பெயர் போட்டிருந்தால் நம்பலாம், இல்லாவிட்டால் அந்த வரிக்கு எடை இல்லை. பட்டியலில் தன்னைவிடப் பெரிய கம்பெனிகளைச் சேர்ப்பது பழைய வித்தை. எல்லாக் கம்பெனியும் 'எங்கள் ஆள் நடுத்தரத்துக்கு மேல்' என்று சொல்லி நடுக்கோட்டுக்கு மேலே கொடுத்தால், அடுத்த ஆண்டு நடுக்கோடே மேலே போகும். யாருடைய வேலையும் மேம்படாமல் எல்லாருடைய சம்பளமும் ஏறும். விற்றுமுதலிலும் லாபத்திலும் உங்கள் கம்பெனியின் பாதியிலிருந்து இரு மடங்குக்குள் வரும் ஐந்து கம்பெனிகளை நீங்களே எடுத்து, தலைமைச் சம்பளத்தை 198 லாபத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு சாயங்கால வேலை.

அரசு நிறுவனம் பற்றி. 2022-23இல் ஸ்டேட் பாங்க் தலைவர் வாங்கியது ஏறத்தாழ 37 லட்சம். அதே ஆண்டு எச்.டி.எப்.சி. வங்கி எம்.டி. 10.55 கோடி. 28 மடங்கு. மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்திருக்கும் ஐ.ஆர்.இ.எல். போன்ற பி பிரிவு மத்திய அரசு நிறுவனத்தின் தலைவருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 1.8 லட்சத்திலிருந்து 3.2 லட்சம் வரை என்ற விகிதம். இவ்வளவு குறைவாகக் கொடுத்தும் தகுதியான ஆட்கள் கிடைக்கிறார்களே என்பது வலுவான வாதம்தான். ஆனால் அங்கே தலைவராகிறவர் பெரும்பாலும் முப்பது ஆண்டு உள்ளேயே வளர்ந்தவர். வெளியே போகும் வாய்ப்பும் குறைவு, வேலையும் பத்திரம். தனியார் வங்கி போட்டியாளரிடமிருந்து ஆளை இழுக்கிறது. 28 மடங்கு முழுவதும் திறமைக்கு என்று சொல்ல முடியாது, ஒரு பகுதி திறமைக்கு, பெரும்பகுதி ஆள்பிடிப் போட்டிக்கு என்பது என் முடிவு.

குளச்சல்காரர் சொன்ன சேர்ந்து இறங்குதலைச் சட்டமாகவே எழுதிய இடம் ஒன்று உண்டு, தனியார் வங்கி. நம்ம மாவட்டத்தில் பலர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிப் பங்கு வைத்திருப்பதால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் போட்டு, 2020 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளின்படி தலைமை அதிகாரியின் மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதி, செயல்பாட்டைப் பொறுத்து மாறும் பகுதியாக இருக்கணும். அந்தப் பகுதி நிலைச் சம்பளத்தைப் போல் 3 மடங்குக்கு மேல் போகக் கூடாது, ஈசாப்பும் அதற்குள் அடக்கம். அதில் குறைந்தது 60%ஐ உடனே கொடுக்காமல் 3 ஆண்டாவது பிடித்து வைக்கணும். கடன் வாராக் கடனாக மாறினால், பிடித்து வைத்ததை நிறுத்தவும் கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் ஒப்பந்தத்தில் பிரிவு இருக்கணும். மூன்று ஆண்டு ஏன் என்றால், இன்று கொடுத்த கடனின் யோக்கியதை இன்று தெரியாது. நியமனமும் ஊதியமும் ரிசர்வ் வங்கி ஒப்புதல் இல்லாமல் செல்லாது.

உற்பத்திக் கம்பெனிகளுக்கு இந்த அளவு கட்டாயம் இல்லை. மோசடியால் அல்லது விதிமீறலால் கணக்கைத் திருத்தி எழுத வேண்டி வந்தால் மட்டும் கூடுதலாகப் போன சம்பளத்தை மீட்டாக வேண்டும் என்று பிரிவு 199 இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் எழுதணும். உங்கள் நோட்டீஸில் 'திரும்பப் பெறுதல்' என்று ஒரு வார்த்தை எங்காவது இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். உண்மையான கொள்ளை நடக்கிற இடத்தில் சம்பளம் அடக்கமாகவும் இருக்கலாம். சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7இல் எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது வீங்கவைத்த வங்கி இருப்பையும் பொய் லாபத்தையும், சம்பளத்தை அல்ல. சம்பளம் வெளிச்சத்தில் நடக்கும் பணம். எனவே ஆண்டறிக்கையில் 'தொடர்புடைய தரப்பினருடன் பரிவர்த்தனை' என்ற குறிப்பைச் சம்பளத்துக்கு முன்பே படியுங்கள். குடும்பக் கம்பெனிக்கு வாடகை, பிராண்ட் பெயருக்கு ராயல்டி, மச்சானின் கம்பெனியில் மூலப்பொருள், வட்டியில்லா முன்பணம், இவை அங்கே இருக்கும். 2.4 கோடி சம்பளத்தைக் குறைக்கப் போராடி ஜெயித்து, பக்கத்து வாசலில் 6 கோடி வாடகை போனால் ஒரு புண்ணியமும் இல்லை.

வடசேரி_மேலாண்மை

இதை முழுமனதோடு ஏற்கிறேன். ஊதியக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பட்டியலிட்ட கம்பெனியில் அந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு சுயாதீன இயக்குநர்களாக இருக்கணும். பெயரளவில் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். அவர்கள் ஆண்டில் எத்தனை முறை கூடினார்கள், யார் வந்தார்கள் என்று நிர்வாக அறிக்கையில் அட்டவணை இருக்கும். ஒரே ஒரு முறை கூடி 5 ஆண்டு ஒப்பந்தத்தை முடித்திருந்தால் அங்கே விவாதம் நடக்கவில்லை.

கோட்டாறு_பங்குதாரர்

'திரும்பப் பெறுதல்' இல்லை. ஊதியக் குழு இரண்டு முறை கூடியிருக்கிறது. குடும்பத்தின் கையில் பாதி இருக்கும்போது சிறு பங்குதாரர் ஓட்டால் ஏதாவது ஆகுமா? பேசாமல் இருந்துவிட்டால் அது எதிர்ப்பாக எண்ணப்படுமா?

தக்கலை_தணிக்கை

பேசாமல் இருந்தால் எதுவாகவும் எண்ணப்படாது. போட்ட ஓட்டு மட்டும்தான் கணக்கு. சிறப்புத் தீர்மானம் நிறைவேற ஆதரவு ஓட்டு எதிர் ஓட்டைப் போல் மூன்று மடங்காவது வேண்டும். குடும்பத்தின் 50 முழுவதும் ஆதரவு என்று வையுங்கள். பொதுமக்களும் பண்டுகளும் வைத்திருக்கும் 50இல் 30 மட்டும் ஓட்டுப் போட்டால் மொத்தம் 80. எதிர்ப்பு 20ஐத் தாண்டினால் தீர்மானம் விழும். அந்த 30இல் மூன்றில் இரண்டு பங்கு. 50 முழுவதும் போட்டால் 25ஐத் தாண்டணும், அதாவது பாதிக்குச் சற்று மேல். ஆக, வெளியே உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் குடும்பத்துக்குத்தான் லாபம்.

முடியாத காரியம் இல்லை. 2021 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ் பொதுக்கூட்டத்தில் சித்தார்த்த லால் மறுநியமனமும் ஊதியமும் சேர்ந்த சிறப்புத் தீர்மானம் ஏறத்தாழ 73% ஆதரவு பெற்றும் தோற்றது, 75% எட்டவில்லை. பிறகு போர்டு ஊதிய உச்சவரம்பை லாபத்தில் 3%இலிருந்து 1.5%ஆகக் குறைத்துத் திரும்பக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்பெனி, அவர் மீது மோசடிப் புகாரும் இல்லை. ஆளை வேண்டாம் என்று சொல்லாமலே ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லலாம்.

டீமேட் கணக்கில் பங்கு இருந்தால் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். என்ற பங்குக் காப்பகத்தின் தளத்தில் நுழைந்து ஓட்டுப் போடலாம். மின்னணு ஓட்டுப்பதிவு குறைந்தது 3 நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடும். நிறையப் பேர் கூட்ட நாள் காலையில் திறந்து பார்த்து ஏமாறுகிறார்கள். ஒருமுறை போட்டதை மாற்ற முடியாது. நோட்டீஸில் கட்-ஆப் தேதி இருக்கும், அன்று பங்கு உங்கள் பெயரில் இருந்தால் போதும். முன்பு போடாதவர்கள் கூட்டத்தின்போதும் போடலாம். கூட்டத்தில் கேள்வி கேட்கணுமென்றால் பேச்சாளராகப் பெயர் பதிய ஒரு கடைசித் தேதி இருக்கும், அது கூட்டத்துக்குப் பல நாள் முன்பே முடிந்துவிடும்.

கூட்டம் முடிந்து 2 வேலை நாளில் முடிவு சந்தைத் தளத்தில் வரும். அதில் ப்ரோமோட்டர், நிறுவன முதலீட்டாளர், மற்ற பொதுமக்கள் என்று தனித்தனியாக ஓட்டு பிரிந்திருக்கும். தீர்மானம் நிறைவேறினாலும் 'நிறுவன முதலீட்டாளர்' வரிசையில் எதிர்ப்பு அதிகம் என்றால் அடுத்த முறை போர்டு தானாகவே இறங்கி வரக்கூடும். மியூச்சுவல் பண்டுகள் கட்டாயம் ஓட்டுப் போட்டு, காரணத்தோடு தங்கள் தளத்தில் வெளியிடணும். உங்கள் கம்பெனியில் எந்தப் பண்டு இருக்கிறது என்று பார்த்து, முந்தைய நியமனத்தின்போது அவர்கள் எழுதிய காரணத்தைப் படியுங்கள்.

மெயிலில் இன்னும் மூன்று கேள்வி சேருங்கள். நட்ட ஆண்டுக்கான குறைந்தபட்ச ஊதியத்தை அட்டவணை 5இன் படிக்கட்டுக்குள் நிறுத்த போர்டு சம்மதிக்குமா? கமிஷன் எந்த அளவுகோலில், எத்தனை ஆண்டுச் சராசரியில்? கணக்குத் திருத்தப்பட்டால் திரும்பப் பெறும் பிரிவை ஒப்பந்தத்தில் எழுதுவார்களா? கட்-ஆப் தேதிக்கு முன்பே அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், ஓட்டு மூடும் நாளுக்கு முந்தைய இரவு இங்கே போடுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.